பிடிக்காத போலீஸ்காரருடன் முந்நூறு பக்கம்

கேள்வி இதுதான்: நண்பர் சொன்னாரே என்று சுவீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெலின் 'ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்' நாவலை வாங்கி, நூறு பக்கம் தாண்டியாகிவிட்டது. அந்தத் துப்பறியும் ஆள் குர்ட் வாலண்டரைச் சகிக்க முடியவில்லை. குடி, புலம்பல், தன்னிரக்கம், பார்க்கிறவர்கள்மேல் எல்லாம் எரிச்சல். இவரோடு இன்னும் இருநூறு பக்கம் போகத்தான் வேண்டுமா? ஒரு நல்ல மனிதரைப் போலீஸ்காரராக வைத்து எழுத ஸ்காண்டிநேவியாக்காரர்களுக்கு வரவே வராதா?

போங்கள். ஆனால் போகப்போகத் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். நீங்கள் நிறுத்தியிருக்கும் இடத்துக்குப் பிறகு இன்னும் மோசமாகத்தான் நடந்துகொள்வார். என் பிரதியில் ஒரு பக்க ஓரத்தில் 'இந்த ஆளை முதலில் சஸ்பெண்ட் பண்ணணும்' என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வாசிப்பில் கோபத்தில் எழுதியது. இரண்டாம் முறை படித்தபோதுதான், அந்த எண்ணம் நமக்கு வரவேண்டும் என்பதற்காகவே அந்தக் காட்சி எழுதப்பட்டிருக்கிறது என்று உறைத்தது.

வாலண்டர்மேல் மான்கெலுக்கே பெரிய பிரியம் கிடையாது. வயது, ஓபரா இசை, ஓயாத வேலை, இவற்றைத் தவிரத் தங்களுக்குள் பொதுவாக ஒன்றுமில்லை, நேரில் பழகியிருந்தால் நண்பர்களாகியிருக்க மாட்டோம் என்கிற தொனியில்தான் பேட்டிகளில் பேசியிருக்கிறார். பெயரைக்கூடத் தொலைபேசி டைரக்டரியைப் புரட்டித்தான் எடுத்தார். ஆக, எழுதியவருக்கே பிடிக்காத ஆளை உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாசிப்பில் கோளாறு எதுவும் இல்லை.

தொடக்கக் காட்சியை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். 1990 ஜனவரி 8, விடியாத காலை. சுவீடனின் தென்கோடியில் உள்ள ஸ்கோனே பகுதியில் லெனார்ப் என்ற சிறு பண்ணைக் குடியிருப்பு. வயதான விவசாயி ஒருவர் தூக்கம் கலைந்து கிடக்கிறார். ஏதோ சரியில்லை, என்னவென்று பிடிபடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிகிறது: பக்கத்து வீட்டுக் குதிரை கனைக்கவில்லை. இத்தனை வருடமாக ராத்திரிகளில் கேட்டுப் பழகிய ஒரு சத்தம் அன்றைக்கு இல்லை. அவர் எழுந்து போய்ப் பார்க்கிறார். அண்டைவீட்டு முதியவர் யோஹானஸ் லோவ்கிரென் சித்திரவதை செய்யப்பட்டு இறந்துகிடக்கிறார். மனைவி மரியா கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு குற்றுயிராக இருக்கிறார்.

பிறகு போலீசுக்கு இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. கயிற்றில் போட்டிருக்கும் முடிச்சு அந்தப் பக்கத்தில் யாரும் போடுகிற முடிச்சு இல்லை. அப்புறம், குதிரைக்கு யாரோ தீனி வைத்திருக்கிறார்கள். இரண்டு கிழவர்களை இவ்வளவு கொடூரமாகச் சிதைத்தவன், போகிற போக்கில் குதிரைக்கு வைக்கோல் அள்ளிப் போட்டுவிட்டா போவான்? எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த துப்பு அதுதான். கொலையாளியை அரக்கன் என்று முடிவுகட்டிவிட்டு நிம்மதியாக உட்கார அது நம்மை விடுவதில்லை.

மரியா மருத்துவமனையில் இறந்துபோகிறார். அதற்கு முன் அவர் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல்: 'வெளிநாட்டு'. அவ்வளவுதான். ஒரு பெயரடை. வெளிநாட்டு என்ன? ஆளா, பேச்சா, காரா, முடிச்சா? வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. அதை முடித்துவைக்க ஒரு நாடே வரிசையில் நிற்கிறது. இந்த நாவலின் உண்மையான கதை அதுதான். கொலையாளி யார் என்பது அதற்கு அடுத்தபடி.

மான்கெல் பல ஆண்டுகளை மொசாம்பிக்கில் கழித்தவர். தலைநகர் மபூத்தோவில் தியேட்ரோ அவெனிடா என்ற நாடகக் குழுவை நடத்தினார். 1989-ல் நீண்ட நாள் கழித்து ஊருக்குத் திரும்பியபோது சுவீடனில் இனவெறி வெளிப்படையாகத் தலைதூக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறார். இனவெறி குற்றம், ஆகவே குற்றக்கதை எழுதுவோம், அப்படியென்றால் ஒரு போலீஸ்காரர் வேண்டும். வாலண்டர் பிறந்தது இந்த வரிசையில்தான்: முதலில் பிரச்சினை, பிறகு ஆள்.

மான்கெல் கற்பனையாகப் பயப்படவில்லை. கதை நடக்கும் ஈஸ்டாட் நகரத்துக்குச் சற்று வடக்கே ஷோபோ என்ற நகராட்சி இருக்கிறது. 1988 செப்டம்பரில், நாடு பொதுத்தேர்தலுக்கு வாக்களித்த அதே நாளில், 'எங்கள் ஊருக்கு அகதிகளை ஏற்கலாமா' என்று அங்கே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1989 டிசம்பர் 13 அன்று, லூசியா பண்டிகை நாளில், அரசாங்கமே அடைக்கல விதிகளை இறுக்கியது. லெனார்ப் கொலை நடப்பதாக மான்கெல் குறிக்கும் தேதி அதற்கு நாலு வாரம் கழித்து வருகிறது. பிரதமர் ஓலோஃப் பால்மே 1986-ல் ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு வேறு அப்போது தீராமல் கிடந்தது. தன் போலீஸ்மேலேயே ஒரு நாட்டுக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்த நேரம்.

இந்த இடத்தில்தான் வாலண்டரை நிறுத்துகிறார். இப்போது யோசித்துப் பாருங்கள், இங்கே ஒரு அருமையான மனிதரை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் படித்து வளர்ந்த துப்பறியும் கதைகளில் துப்பறிவாளர் யாரைச் சந்தேகப்படுகிறாரோ அவரை நாமும் சந்தேகப்படுவோம். அவர் புருவம் உயர்ந்தால் நம் புருவமும் உயரும். பிடித்த ஆளின் சந்தேகம் நமக்குச் சந்தேகமாகவே தெரியாது, புத்திசாலித்தனமாகத்தான் தெரியும். வாலண்டர் விஷயத்தில் அது நடப்பதில்லை. எரிச்சலோடு படிக்கிறோம், அதனால் அவர் நினைப்பதை ஒவ்வொன்றாக நிறுத்திச் சோதிக்கிறோம். முழுக் கதையும் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுதான் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தத் தோளில் நாம் சாய்ந்துகொள்ள முடியாதபடி எழுதப்பட்டிருக்கிறது.

விசாரணையின் நடுவில் அவர் மனதுக்குள் ஒன்று நினைப்பார். கொலைகாரர்கள் பக்கத்தில் இருக்கும் அகதி முகாமிலேயே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும், யார் வேண்டுமானாலும் எல்லை தாண்டி வரலாம் என்கிற இந்தத் தளர்ந்த கொள்கைக்கு அப்போதாவது ஒரு முடிவு வரும், என்று. வெறியன் ஒருவனின் எண்ணமல்ல இது. பகலெல்லாம் அந்த அகதிகளைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருக்கிற, முகாமில் தீ வைக்கப்படும்போது நெருப்புக்குள் இறங்குகிற அதே ஆளின் எண்ணம். அதைத் தன் குருவாக மதிக்கும் மூத்த சகா ரிட்பெர்கிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிறார், விழுங்கிவிடுகிறார். நமக்கு மட்டும் தெரிகிறது. வெளியே கண்ணியமாக நடந்துகொள்ளும் ஒரு சராசரி மனிதருக்குள் அப்போது என்ன ஓடியது என்று காட்ட இதைவிட நேர்மையான வழி இருக்கிறதா, தெரியவில்லை.

இன்னும் நுணுக்கமாக ஒன்று செய்கிறார் மான்கெல். முதல் அத்தியாயத்தில், தொலைபேசி மணி அவரை எழுப்பும்போது, வாலண்டர் ஒரு கறுப்பினப் பெண்ணோடு கூடியிருப்பதாகக் கனவு கண்டுகொண்டிருக்கிறார். பிறகு, பேச்சுவார்த்தை அவ்வளவாக இல்லாத மகள் லிண்டா ஒரு கென்ய மருத்துவ மாணவனோடு பழகுவது தெரிகிறது. கனவில் கூச்சமில்லாமல் வந்தது, மகளின் வாழ்க்கையில் வந்து நிற்கும்போது அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதைப் பற்றி யாரும் ஒரு பிரசங்கமும் செய்வதில்லை. இரண்டையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறார்.

சரி, குடிக்கு வருவோம். என் பென்சில் குறிப்பு எழுதப்பட்ட இடம். பிரிந்துபோன மனைவி மோனாவை மால்மோவில் ஓர் உணவகத்தில் சந்திக்கிறார். அவள் திரும்பி வரமாட்டாள் என்பது உறுதியாகிறது. நன்றாகக் குடித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஈஸ்டாட் திரும்புகிறார். வழியில் ரோந்து போலீசார் இருவர் மறிக்கிறார்கள். பார்த்தால் அவருடைய ஸ்டேஷன் ஆட்களே, பீட்டர்ஸும் நோரேனும். என்ன செய்கிறார்கள்? வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். மறுநாள் காலை அவர் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார்.

இந்தக் காட்சியின் கனம் வெளியூர் வாசகருக்கு முழுதாக இறங்காமல் போகலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை சுவீடனில் 'சின்னத் தப்பு' என்று யாரும் நினைப்பதில்லை. ரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவை ஆயிரத்தில் 0.5 பங்கிலிருந்து 0.2 பங்காகக் குறைத்தது 1990 ஜூலையில். நாவல் வந்தது 1991-ல். நாடே அந்த விஷயத்தில் கறாராகிக்கொண்டிருந்தபோது, அதைச் செய்த ஒரு காவல் அதிகாரியைக் கதாநாயகனாகக் கையில் கொடுக்கிறார். அவரைப் பிடித்தவர்கள் கையோடு விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அவர் 'நம்ம ஆள்'.

இதைப் பக்கத்தில் வைத்து அந்த ஒற்றைச் சொல்லைப் பாருங்கள். ஒருவர் சாட்சியோடு, மூச்சில் மது நாற்றத்தோடு, கையும் களவுமாகப் பிடிபடுகிறார்; வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இன்னொரு பக்கம், முடிவுபெறாத ஒரு பெயரடையை வைத்து, முகாமில் இருக்கும் அத்தனை பேரும் குற்றவாளிகள் ஆகிறார்கள். மிரட்டல் தொலைபேசி வருகிறது, குடியிருப்பு எரிகிறது, கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு சோமாலியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். மான்கெல் இந்த இரண்டையும் எங்கேயும் ஒரே பத்தியில் ஒப்பிடவில்லை. ஒப்பிடுகிற வேலை நமக்கு. வாலண்டர் ஒழுக்கமானவராக இருந்திருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு வழியே இல்லை. அவருடைய அசிங்கங்கள் குணச்சித்திரத்துக்குத் தூவிய மசாலா இல்லை, நாவலின் வாதமே அதில்தான் நிற்கிறது.

அடுத்து உங்களுக்கு வரப்போவது அநெட் ப்ரோலின் காட்சி. ஸ்டாக்ஹோமிலிருந்து தற்காலிகமாக வந்திருக்கும் அரசு வழக்கறிஞர். சுவீடனில் சந்தேக நபர் என்று ஒருவர் கிடைத்துவிட்டால் விசாரணையை வழிநடத்துவது வழக்கறிஞர்தான், ஆக ஒருவகையில் வாலண்டருக்கு மேலே இருப்பவர். கணவர், பிள்ளைகள் உண்டு. வாலண்டர் குடித்துவிட்டு அவரிடம் அத்துமீறுகிறார். அந்தப் பெண் தள்ளிவிடுகிறார். மறுநாள் இவருக்கு வெட்கம். இங்கே நான் மான்கெலுக்கு வக்காலத்து வாங்கமாட்டேன். கார் காட்சியில் இருந்த கூர்மை இதில் இல்லை. வாலண்டரின் வெட்கத்துக்கு இடம் கிடைக்கிற அளவுக்கு அந்தப் பெண்ணின் கோபத்துக்குக் கிடைக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் ரொம்பச் சுலபமாகக் கடந்துபோவதுபோல் எழுதியிருப்பது இன்றைக்கு உறுத்துகிறது. அன்றைக்கும் உறுத்தியிருக்க வேண்டும். மோனாவும் அப்படித்தான், கதவைச் சாத்திவிட்டுப் போன ஒரு முதுகாகவே நின்றுவிடுகிறாள். பதினைந்து வயதில் தற்கொலைக்கு முயன்ற மகள் லிண்டா மட்டும் பின்னால் வரும் புத்தகங்களில் முழு ஆளாக வளர்கிறாள், அதுவும் மெதுவாக.

அப்பாவை மட்டும் கவனமாகப் படியுங்கள். வாலண்டரின் அப்பா ஓவியர். வாழ்நாள் முழுக்க ஒரே படத்தைத்தான் வரைகிறார்: ஓர் இலையுதிர்கால நிலக்காட்சி. சிலதில் முன்னால் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சிலதில் இருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான், விற்பனைக்கும் பஞ்சமில்லை. மகன் போலீசில் சேர்ந்ததை அவர் மன்னிக்கவே இல்லை. ஒருநாள் அவர் இரவு உடையோடு சேற்று வயலில் நடந்துபோய்க்கொண்டிருப்பார்; வாலண்டர் ஓடிப்போய் அழைத்துவரவேண்டியிருக்கும். படிக்கும்போது சிரிப்பும் வரும், வயிற்றையும் பிசையும். தொடரின் கடைசி நாவல் 2009-ல் வந்தது. அதில் என்ன என்று சொல்லமாட்டேன். அந்தச் சேற்று வயலை மறக்காமல் வைத்திருங்கள், போதும்.

'இவர்களுக்கு நல்ல மனிதரை எழுதவே வராதா' என்ற பாதிக் கேள்விக்கு வருகிறேன். இந்த வழியைப் போட்டவர்கள் மை ஷோவாலும் பேர் வாலோவும். தம்பதிபோல் வாழ்ந்தவர்கள், இடதுசாரிகள். பிள்ளைகள் தூங்கிய பிறகு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஆளுக்கொரு அத்தியாயம் எழுதி, 1965 முதல் 1975 வரை வருடத்துக்கு ஒன்றென்ற கணக்கில் பத்து நாவல்களை முடித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் துணைத்தலைப்பு 'ஒரு குற்றத்தைப் பற்றிய நாவல்'. அவர்களுடைய மார்ட்டின் பெக்குக்கு எந்நேரமும் வயிற்றுக்கோளாறு, ஜலதோஷம், கசந்துபோன கல்யாணம். வீட்டில் தனியாக உட்கார்ந்து கப்பல் மாதிரி செய்வார். ஆனால் அவர் வெறுக்கத்தக்கவர் இல்லை, களைத்தவர். சுவீடனின் மக்கள்நல அரசு என்கிற பளபளப்பான மேற்பூச்சை உரித்துக்காட்ட, எதற்கும் பிரமிக்காத ஒரு களைத்த அரசு ஊழியர் தேவைப்பட்டார். மான்கெல் அந்தக் களைப்பை எடுத்துக்கொண்டு அதில் குற்றத்தையும் சேர்த்தார். பின்னால், தன் தொடருக்குப் பொருத்தமான துணைத்தலைப்பு 'சுவீடனின் மனக்கலக்கம் பற்றிய நாவல்கள்' என்று அவரே எழுதினார். அந்தக் கலக்கத்தை ஓர் உடம்புக்குள் போட்டால் அது வாலண்டராகத்தான் வரும்: தூக்கமில்லை, நேரத்துக்குச் சாப்பாடில்லை, கிடைத்த ஹாம்பர்கரை விழுங்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, ராத்திரி ஓபரா பாடகி மரியா காலாஸ் பாட்டு, அப்புறம் விஸ்கி.

இப்படிப்பட்டவர்களில் எல்லாரும் ஒரே ரகமில்லை என்பதையும் சொல்லவேண்டும். நார்வேக்காரர் யூ நெஸ்போவின் ஹாரி ஹூலே வாலண்டரைவிட ஐந்து மடங்கு குடிப்பார், ஆனால் அவர் குடியில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. போதையில் விழுந்தாலும் நாயகன்தான். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்று வேலையாகப் படும். உண்மையிலேயே பிடிக்கவே முடியாத ஆள் வேண்டுமென்றால் லெய்ஃப் பேர்ஷோன் எழுதிய எவெர்ட் பெக்ஸ்ட்ரோமைப் பாருங்கள். பேர்ஷோன் சுவீடனில் குற்றவியல் பேராசிரியராக இருந்தவர். ஓர் அரசியல் விவகாரத்தில் பத்திரிகையாளருக்குத் தகவல் கொடுத்ததற்காக 1977-ல் தேசியப் போலீஸ் வாரியத்தில் வேலையை இழந்தவர். போலீஸ் எப்படிப் பேசும், எப்படிச் சோம்பும் என்று உள்ளிருந்து பார்த்தவர். 2005-ல் வந்த லிண்டா கொலை வழக்கு (இது வேறு லிண்டா) நாவலில், கோடை விடுமுறையில் வேறு ஆள் இல்லாததால் பெக்ஸ்ட்ரோமை வெக்ஷோ நகருக்கு அனுப்புகிறார்கள். அவர் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, வீட்டில் குவிந்த அழுக்குத் துணியை மூட்டைகட்டிக் கொண்டுபோய் ஓட்டலில் போட்டு, சலவைச் செலவை அரசாங்கக் கணக்கில் எழுதுவது. பெண்கள், ஒருபாலினர், வெளிநாட்டார் என்று யாரைப் பற்றியும் ஒரு நல்ல எண்ணம் அவர் மண்டைக்குள் உதிப்பதில்லை. தன்னை மேதை என்று நினைத்துக்கொண்டிருப்பார். அங்கே நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கலாம், அதனால் தப்பித்துக்கொள்ளலாம். வாலண்டரிடம் அந்த வசதி கிடையாது. நம்மில் பலருக்கு பெக்ஸ்ட்ரோமைத் தெரியாது. வாலண்டரை நன்றாகத் தெரியும்.

நாவலின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டவேண்டாம். நடுவில் இரண்டு குற்றங்களின் விசாரணையும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். ஒன்று முடிந்த பிறகு கதை சட்டென்று வேகம் இழந்து மாதக்கணக்கில் நகரும். கடைசியில் முடிச்சு அவிழ்வது வாலண்டரின் மூளையால் என்பதைவிட, வேறொருவரின் ஞாபகசக்தியால். 'அடடா' என்று வியக்கவைக்கும் புதிர்க்கதையை எதிர்பார்த்தால் கைக்கு ஒன்றும் வராது. இன்னொன்று, அந்தப் பெயரடைக்கு மான்கெல் கொடுக்கிற விடை. நல்லெண்ணம் கொண்ட வாசகருக்கு எது வசதியோ அதை அவர் கொடுப்பதில்லை. அது ரொம்பத் துணிச்சல் என்று நான் நினைக்கிறேன்; என் நண்பர் ஒருவர் அது பெரிய தவறு என்று இன்றுவரை சண்டை போடுகிறார். முடித்துவிட்டு நீங்கள் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

ஸ்காண்டிநேவியக் குற்ற நாவலுக்கான கிளாஸ் கீ விருதை முதன்முதலில், 1992-ல், வாங்கியது இந்தப் புத்தகம்தான். ஆங்கிலத்துக்கு வந்தது 1997-ல். தொலைக்காட்சியில் பார்க்க நினைத்தால் கென்னத் பிரானாவின் ஆங்கிலத் தொடர் சுலபமாகக் கிடைக்கும், ஈஸ்டாட்டிலேயே எடுத்தது, வயல்களும் வானமும் அபாரம். ஆனால் அவர் வாலண்டரைப் பாவப்பட்டவராக ஆக்கிவிடுகிறார். பார்த்தால் அணைத்துக்கொள்ளத் தோன்றும். சுவீடன்காரர் ரோல்ஃப் லாஸ்கோர்டின் பெருத்த உடம்பும் சிடுசிடுப்பும்தான் புத்தகத்துக்கு நெருக்கம். நாவலை முடிக்காமல் எதையும் பார்க்காதீர்கள்.

வரிசைப்படிதான் படிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாவது நாவல் லாட்வியாவின் தலைநகர் ரீகாவுக்குப் போய்விடுகிறது, அதைத் தாண்டிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். 1995-ல் வந்த 'சைட்டிராக்ட்' கதையாக இதைவிட இறுக்கமானது. வாலண்டரின் கண்ணெதிரே கடுகு வயலில் ஒரு சிறுமி தீக்குளிப்பதில் தொடங்கும். 1997-ல் வந்த 'ஒன் ஸ்டெப் பிஹைண்ட்' வரை போனீர்களென்றால் வாலண்டரின் ஓயாத சோர்வுக்கு மருத்துவரே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார்: சர்க்கரை வியாதி. அதை அவர் சகாக்களிடமிருந்து மறைக்கப் பார்ப்பார்.